பிண்ணாக்கின் பேர்

பலகையில் 'பிள்ளையார்பாளையம்' என்று எழுதியிருக்கும். ஊர்க்காரர் வாயில் அது 'புள்ளையார்பாளையம்'. காஞ்சிபுரத்தின் மேற்குப் பக்கம், கைலாசநாதர் கோயிலை ஒட்டிக் கிடக்கும் பட்டுத் தறிக்காரர் பகுதி அது. ஊர்ப்பெயரில் நடந்த இந்தச் சின்ன மாற்றத்துக்கும் மாட்டுத் தொட்டியில் ஊறும் புண்ணாக்குக்கும் உறவு உண்டு. இரண்டு சொல்லிலும் வேலை செய்திருப்பது ஒரே ஒலிவிதி.

உதடு சேர்ந்து பிறக்கும் ப, ம, வ முன்னால் நின்று, நாக்கு மடிந்து பிறக்கும் ட, ண, ள, ழ பின்னால் வந்தால், நடுவில் இருக்கும் இகரமும் எகரமும் பேச்சில் குவிந்து உகரமாகவோ ஒகரமாகவோ ஆகிவிடும். பிள்ளை புள்ளையாகிறது, பிடி புடியாகிறது, பெண் பொண்ணாகிறது, பெட்டி பொட்டியாகிறது, வீடு வூடாகிறது, மிளகு மொளகாகிறது. அதே வழியில் பிண்ணாக்கு புண்ணாக்காயிற்று. 'புண்' என்ற சொல்லுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. பேச்சுவடிவத்தைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளையைப் 'புள்ள' என்று கூப்பிடும்போது அதே விதியைத்தான் கொஞ்சுகிறார்கள்.

ஆகவே தேட வேண்டிய வடிவம் பிண்ணாக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இதைப் 'பிண்யாகம்' என்ற வடசொல்லோடு சேர்த்துக் காட்டுகிறது. பொருளும் அச்சாகப் பொருந்துகிறது: எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் கட்டி. 'ண்ய' என்ற கூட்டொலி பிராகிருதத்தில் 'ண்ண' ஆவது வழக்கமான மாற்றம். அரண்யம் 'அரண்ண' என்று வருவதைப் போல. பாலியில் இந்தச் சொல் 'பிஞ்ஞாக' என்றும், சமணர் ஆகமங்களின் பிராகிருதத்தில் 'பிண்ணாக' என்றும் இருக்கிறது. இந்தப் 'பிண்ணாக'வுக்கும் நம் பிண்ணாக்குக்கும் நடுவே இருக்கும் தூரம் ஒரு ககர ஒற்றுதான்.

அந்தப் பிராகிருதம் காஞ்சிக்கு அந்நியமானதும் இல்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து வேகவதி ஆற்றுப் பக்கம் போனால் திருப்பருத்திக்குன்றம் வந்துவிடும். அதற்கு ஜினகாஞ்சி என்றே பெயர். பாலி உரைகள் எழுதிய புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரையிலேயே குறித்திருக்கிறார். பாலியும் பிராகிருதமும் படித்த துறவிகள் நடமாடிய ஊரில், இந்தச் சொல் ஏட்டிலும் செக்கடியிலும் ஒரே சமயத்தில் புழங்கியிருக்க முடியும்.

சூத்திரகிருதாங்கம் என்ற சமண ஆகமத்தில் இச்சொல் வரும் இடம் மறக்க முடியாதது. கொலையின் குற்றம் எண்ணத்தில் இருக்கிறதா, செயலில் இருக்கிறதா என்று ஆர்த்ரகன் என்ற சமணனோடு பௌத்தர் வாதாடுகிறார். ஒருவன் பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று எண்ணிக் கழுவில் குத்தினால் அவனுக்குக் கொலைப்பாவம் உண்டு, மனிதனைப் பிண்ணாக்கு என்று எண்ணிக் குத்தினால் பாவம் இல்லை என்பது பௌத்தர் தரப்பாக அங்கே சொல்லப்படுகிறது. பிண்ணாக்குக் கட்டியில் மனிதன் என்ற எண்ணம் எப்படித் தோன்றும் என்று சமணர் திருப்பிக் கேட்கிறார். இன்று ஒரு பையனைப் பார்த்து 'போடா புண்ணாக்கு' என்கிறவருக்கு, மனிதனையும் பிண்ணாக்கையும் ஒன்றாக்கும் பேச்சு இவ்வளவு பழையது என்று தெரிந்திருக்காது.

துறவிகள் ஏன் பிண்ணாக்கைப் பற்றிப் பேசினார்கள்? அவர்கள் அதைத் தின்றார்கள். மஜ்ஜிம நிகாயத்தின் மகாசீகநாத சுத்தத்தில், தாம் முன்பு மேற்கொண்ட கடுந்தவங்களைப் புத்தர் வரிசையாகச் சொல்லும்போது, கீரை, சாமை, தவிடு, வடிகஞ்சி, புல், சாணம் ஆகியவற்றுக்கு நடுவே பிண்ணாக்கும் வருகிறது. மனு நூலில் இது இரண்டு இடத்தில் இரண்டு முகத்தோடு நிற்கிறது. நான்காம் அத்தியாயம், எண்ணெய் எடுத்துவிட்ட பொருளைத் தின்னக் கூடாது என்று விலக்குகிறது. பதினோராம் அத்தியாயம், மது குடித்தவனுக்குக் கழுவாயாக ஓராண்டு இரவில் ஒருவேளை நொய்யோ பிண்ணாக்கோ தின்னச் சொல்கிறது. சாதாரண நாளில் தின்னக் கூடாதது, தண்டனை நாளில் தின்ன வேண்டியது. பிண்ணாக்கு மனிதர் உணவாக இருந்ததும், மதிப்பிழந்த உணவாக இருந்ததும் இந்த இரண்டு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அர்த்தசாஸ்திரத்தில் அது எருதுகளின் தீனிக் கணக்கில் ஒரு துலாம் என்று நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. மாடும் தவசியும் ஒரே தட்டில் கை வைத்திருந்தார்கள்.

அப்படியானால் இது வடசொல் என்று முடித்துவிடலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. சமஸ்கிருதத்தில் ணகரம் பெரும்பாலும் ரகரத்துக்கோ ஷகரத்துக்கோ பின்னால்தான் இயல்பாகத் தோன்றும். 'பிண்யாக'வில் இரண்டும் இல்லை. இப்படி ஆதாரமில்லாமல் நிற்கும் ணகரம், சொல் வெளியிலிருந்து வந்தது என்பதற்கு மொழியறிஞர் சுட்டும் அடையாளங்களில் ஒன்று. தெற்கே திரும்பினால் பொருள் பளிச்சென்று விளங்குகிறது. தெலுங்கில் 'பிண்டு' என்றால் பிழி, கற. 'பிண்டி' என்றால் மாவு. கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாகிவிடும் என்பதால் 'ஹிண்டு' என்றால் பிழி. 'ஹிண்டி' என்றால் பிண்ணாக்கேதான். பிழிதல் என்ற வினையும் பிழிந்து மிஞ்சிய கட்டியும் ஒரே வேரில் நிற்பது திராவிட மொழிகளில்தான். வேர் தெற்கில் பிறந்து, வடக்கே போய் 'ய' என்ற உடுப்பை மாட்டி, பிராகிருதத்தில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தமிழுக்குத் திரும்பியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தமிழின் இரட்டைக் ககரத்துக்கும் இதில் ஒரு காரணம் இருக்கலாம். பிராகிருதம் மெலிந்த ககரத்தை வைத்திருக்க, தமிழ் வல்லோசையைக் காப்பாற்றியிருக்கிறது. கணக்கு, சரக்கு, விளக்கு என்ற சொற்களின் கூட்டத்தில் பிண்ணாக்கும் இடம் பிடித்துக்கொண்டது.

இந்த வழித்தடத்தில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று. எண்ணெய் என்ற சொல்லுக்குள் எள் இருக்கிறது; எள்ளின் நெய்தான் எண்ணெய். வடமொழித் தைலத்துக்குள்ளும் திலம், அதாவது எள், இருக்கிறது. ஆங்கிலத்தின் 'ஆயில்' ஆலிவ் பழத்திலிருந்து வந்தது. எண்ணெயின் பெயர்கள் எல்லாம் விதையின் நினைவைச் சுமக்கின்றன. பிண்ணாக்கு எந்த விதையையும் நினைவில் வைக்கவில்லை; பிழிந்த செயலை மட்டும் வைத்திருக்கிறது. அதனால்தான் எள்ளுப் பிண்ணாக்கு, கடலைப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு, வேப்பம் பிண்ணாக்கு, ஆமணக்குப் பிண்ணாக்கு, இலுப்பைப் பிண்ணாக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் போதுமானதாயிற்று. இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. முதல் மூன்றும் தின்னத் தக்கவை. வேம்பு வயலுக்கு. ஆமணக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. நீரில் கரையும் புரதமான அது எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். இலுப்பையில் நுரைக்கும் சாப்போனின் தங்கும். அதனால் அதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். விருந்தையும் விஷத்தையும் ஒரே சொல் சுமந்ததால், விஷத்தின் மேலிருந்த அச்சமும் எருவின் மேலிருந்த அருவருப்பும் எள்ளுப் பிண்ணாக்கின் மேலும் ஒட்டிக்கொண்டன.

பழைய செக்கு எவ்வளவு எண்ணெயைப் பிண்ணாக்கிலேயே விட்டது என்று பார்த்தால், துறவிகள் அதைத் தின்று உயிர் வாழ்ந்தது வியப்பாக இராது. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அர்த்தசாஸ்திரமோ எள்ளிலிருந்து நாலில் ஒரு பங்கு எண்ணெய் வர வேண்டும் என்று அரசுக் களஞ்சியத்துக்கு அளவு வகுக்கிறது. ஆளிவிதைக்கு ஆறில் ஒரு பங்கு. நூறு பங்கு எள்ளில் இருபத்தைந்து பங்குதான் வெளியே வந்தது என்றால், மிஞ்சிய எழுபத்தைந்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் எண்ணெய்! அதோடு எள்ளின் புரதம் முழுவதும் அங்கேதான். தவம் என்று பெயர் வைத்திருந்தாலும் உடம்புக்கு அது நல்ல தீனி.

இந்தக் கொழுத்த பிண்ணாக்கை நம் செக்கடிப் பிள்ளைகள் அறிவார்கள். வாகை மர உரலில் எள்ளைப் போட்டு ஆட்டும்போது, எண்ணெய் பிரிந்து வரக் கருப்பட்டி சேர்ப்பது வாணியர் வழக்கம். கருப்பட்டி எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு நின்றுவிடும். உலக்கை சுற்றிய சூட்டோடு வழித்தெடுக்கும் அந்தக் கட்டி இனிப்பாக, மணமாக இருக்கும். கையேந்தி வாங்கித் தின்ற தலைமுறைகள் உண்டு. சித்தர் பாடல் தொகுப்புகளில் பிண்ணாக்கீசர் என்றொருவர் இருக்கிறார். புண்ணாக்குச் சித்தர் என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. அந்தப் பெயர்களுக்குச் சொல்லப்படும் கதைகளுக்குள் நான் போகவில்லை. ஒரு ஞானியின் பெயரில் நிற்க இச்சொல் ஒரு காலத்தில் கூச்சப்படவில்லை என்பது போதும்.

தறிக்கும் செக்குக்கும் இந்த மண்ணில் நெருங்கிய பழக்கம். பல்லவர், சோழர் கால வரிப் பட்டியல்களில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. தறிக்கு விதித்தது தறியிறை, செக்குக்கு விதித்தது செக்கிறை. எண்ணெய் வணிகரைச் சோழர் கல்வெட்டுகள் சங்கரப்பாடியார் என்கின்றன. காஞ்சியைப் போன்ற கோயில் நகரத்தில் நெசவாளர் தெருவும் வாணியர் தெருவும் ஒரே கோபுரத்தைப் பார்த்துத்தான் பிழைத்தன: ஒன்று சுவாமிக்குப் பரிவட்டம் நெய்தது, ஒன்று விளக்குக்கு எண்ணெய் ஆட்டியது. நெய் எரியும் நந்தாவிளக்கானால், ஒன்றுக்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு என்று கல்லில் வெட்டினார்கள். நாள்தோறும் இத்தனை உழக்கு என்று அளவும் வெட்டினார்கள். கோயிலுக்கு வேண்டியது சுடர். சுடர் ஏறாத பாதி செக்கடியிலேயே நின்று மாட்டுத் தொட்டிக்கும் ஏழை வீட்டுக்கும் போயிருக்கும்.

பிறகு கடல் கடந்து ஒரு விதை வந்தது. தென் அமெரிக்காவில் பிறந்த நிலக்கடலை, மணிலா வழியாக வந்ததாகக் கருதப்பட்டதால் மணிலாக்கொட்டை என்று பெயர் பெற்றது. ஆர்க்காட்டுப் பேச்சு அதை மல்லாக்கொட்டை ஆக்கி, இன்னும் தேய்த்து மல்லாட்டை ஆக்கிவிட்டது. வடதமிழ்நாட்டின் மானாவாரி நிலம் மல்லாட்டைக்கு ஏற்றதாக அமைந்தது. எள்ளை விட அதிகமாக, மலிவாக விளைந்தது. செக்குக்குப் பதில் எக்ஸ்பெல்லர் என்ற இரும்புத் திருகு வந்தது. அதன்பின் ஹெக்சேன் என்ற கரைப்பானால் கடைசிச் சொட்டு வரை கழுவி எடுக்கும் ஆலைகள் வந்தன. அந்த ஆலைக்காரர்களின் அகில இந்தியச் சங்கம் 1963-இல் ஏற்பட்டது. மரச்செக்குப் பிண்ணாக்கில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நின்ற எண்ணெய், கரைப்பான் ஆலைப் பிண்ணாக்கில் ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான் நின்றது. கட்டி தூளாயிற்று, இனிப்பு போயிற்று, கரைப்பான் வாடை ஏறியது. இனி அதைக் குழந்தை கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். சொல் முழுக்க முழுக்க மாட்டுக்குரியதானது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். 'தலைக்குள்ள என்ன, புண்ணாக்கா?' என்ற வசவுக்கும், சாரம் எல்லாம் போன இந்தத் தூளே பொருத்தமான பின்னணி.

கடலுக்கு அப்பால் இச்சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது. இலங்கையில் சிங்களமும் தமிழும் இதைப் 'புன்னக்கு', 'பிண்ணாக்கு' என்று வழங்க, தேங்காய்ப் பிண்ணாக்கை வாங்கிய ஆங்கிலேய வணிகர்கள் 'பூனாக்' என்று எழுதிக்கொண்டார்கள். 1913-ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் அகராதியில் பூனாக் ஒரு ஆங்கிலச் சொல்லாகவே இருக்கிறது. கயிறு 'காயர்' ஆனதும் கொப்பரை 'கொப்ரா' ஆனதும் இதுபோன்ற கடல் வணிகத்தில்தான். அங்கும் கவனியுங்கள்: ஏற்றுக்கொண்டது பேச்சுவடிவத்தை, உகரம் குவிந்த புண்ணாக்கை.

பிண்ணாக்கை மறுபடி மனிதர் தட்டுக்குக் கொண்டுவர, நாடு விடுதலை பெற்றவுடன் ஒரு பெரிய முயற்சி நடந்தது. மைசூரில் 1950-இல் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனும் அதன் நடுநாயகம். அந்நாளில் நாட்டின் கவலை புரதப் பஞ்சம். பருப்பு போதவில்லை, பால் எட்டவில்லை. கடலை ஆட்டும் ஆலைகளிலோ பாதியளவு புரதம் கொண்ட பிண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்தது. நல்ல கடலையைத் தெரிந்தெடுத்து, தோலும் முளையும் நீக்கி, சுத்தமாக ஆட்டிய பிண்ணாக்கை அரைத்து, அந்த மாவு மூன்று பங்கும் கொண்டைக்கடலை மாவு ஒரு பங்குமாகக் கலந்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து ஒரு சத்துமாவை உருவாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'இந்தியப் பல்நோக்கு உணவு'. பின்னாளில் கடலைப் புரதத்தைத் தனியே பிரித்து எடுத்துப் பாலோடு கலந்தபோது 'மில்டோன்' என்றார்கள்.

புரதம் பிரிக்கும் வழி சமையலறைக்குப் புரியக்கூடியதுதான். எண்ணெய் நீக்கிய மாவைச் சற்றே காரத்தன்மை உள்ள நீரில் கலக்கினால் புரதம் கரைந்து நீரோடு வரும். நாரும் சக்கையும் கீழே தங்கும். தெளிவை இறுத்து, அமிலம் சேர்த்துப் புளிப்பை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவந்தால், பால் திரிவதைப் போலப் புரதம் திரிந்து படியும். கழுவி உலர்த்தினால் வெண்மையான தூள். கடலையின் தாவரப் பெயர் அராக்கிஸ் என்பதால் அதன் முக்கியப் புரதங்களுக்கு அராக்கின், கோனராக்கின் என்று பெயர். பெயரில் விதை திரும்பி வந்துவிட்டது. பிண்ணாக்கு மறைந்துவிட்டது.

இந்தப் பெயர்மாற்றத்தை நான் குறை சொல்ல வரவில்லை. பிண்ணாக்கு என்று எழுதிய டப்பாவை 1950-களில் எந்தத் தாயும் வீட்டுக்கு வாங்கியிருக்க மாட்டாள். ஆனால் பெயரை மாற்றியதால் மட்டும் சரக்கு மாறிவிடாது என்பதை அடுத்த பத்தாண்டு காட்டியது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் போய் நின்றது. அதில் வளர்ந்திருந்த பூஞ்சைக்கு அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று பெயர். முதற்சொல்லின் முதலெழுத்தையும் இரண்டாம் சொல்லின் முதற்பகுதியையும் எடுத்து, நஞ்சு என்ற பொருளுள்ள 'டாக்சின்' சேர்த்து, 'அஃப்லடாக்சின்' என்ற புதுப் பெயரைக் கட்டினார்கள். கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு அது. கடலையை ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற பசுவின் பாலில் எம்1 என்ற மாறிய வடிவத்தில் இறங்கும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதி வரம்பு கட்டியிருப்பது இதனால்தான். மாட்டுக்குத்தானே என்று ஈரத்தில் போட்டு வைக்கும் பிண்ணாக்கு குழந்தையின் பால் டம்ளருக்கு வந்து சேர்கிறது. தொட்டியும் தட்டும் தனித்தனி என்ற நினைப்பைச் சொல் உண்டாக்கியது. பூஞ்சை அந்த எல்லையை மதிக்கவில்லை.

கடலை இப்படிச் சந்தேகத்தில் சிக்கியபின், எள்ளின் பக்கம் ஒரு நல்ல செய்தி வந்தது. நல்லெண்ணெய் நெடுநாள் கெடாமல் இருப்பதற்குச் சீசமின், சீசமோலின் என்ற பொருள்களும் அவற்றோடு தொடர்புடைய சீசமாலும் துணை நிற்கின்றன. முதல் இரண்டுக்கும் லிக்னான் என்பது குலப்பெயர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களில் எண்ணெய் எடுத்த எள்ளையும் ஆராய்ந்தபோது, அங்கே வேறுவகை லிக்னான்கள் இருப்பது தெரிந்தது. சீசமினால் என்ற மூலக்கூறு தன் மேல் மூன்று சர்க்கரைகளைக் கட்டிக்கொண்டு, சீசமினால் ட்ரைகுளூக்கோசைடு என்ற உருவில் இருந்தது. சர்க்கரை நீரை விரும்பும், எண்ணெயை ஒதுக்கும். ஆகவே எவ்வளவு இறுக்கிப் பிழிந்தாலும் அது எண்ணெயோடு வராது, பிண்ணாக்கைவிட்டு நகராது. நீர் கலந்த எத்தனாலில் ஊறவைத்தால் வரும். குடலுக்குள் போனதும் அங்குள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் கழற்ற, உள்ளே இருக்கும் சீசமினால் வெளிப்பட்டு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். எண்ணெயின் காவற்பொருள்கள் எண்ணெயோடு போக, அவற்றின் உடன்பிறப்பு சர்க்கரைக் கட்டோடு பிண்ணாக்கில் காத்திருந்தது.  எள்ளுப் புரதத்திலும் ஒரு சிறப்பு உண்டு: பருப்புகளில் குறையும் மெத்தியோனின் அதில் நிறைவு; எள்ளில் குறையும் லைசின் பருப்பில் நிறைவு. இட்லிப் பொடியில் உளுந்தும் எள்ளும் சேர்ந்தது வெறும் வாசனைக்காக என்று இனிச் சொல்ல முடியாது.

சீசமின், சீசமால் முதலிய பெயர்களுக்கு எல்லாம் தாயான சீசமம், கிரேக்கம் வழியாக மேற்காசிய மொழிகளிலிருந்து வந்தது. அக்காடிய மொழியில் 'சமன் சம்மி' என்றால் செடியின் எண்ணெய்; அதன் திரிபே சீசமத்துக்கு மூலம் என்பார்கள். அதே மொழியில் நல்ல எண்ணெயைக் குறித்த 'எல்லு' என்ற சொல்லை நம் எள்ளோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருப்பதால் வணிகத்தில் எள் போயிருக்கலாம்தான். ஆனால் அக்காடிய 'எல்லு'வுக்குத் தூய்மையானது என்ற பொருள் அந்த மொழிக்குள்ளேயே தெளிவாக இருக்கிறது. ஓசை ஒத்திருப்பதை மட்டும் நம்பி உறவு கொண்டாடுவது நம் மொழிக்குப் பெருமை சேர்க்காது.

எண்ணெய்ப் பானையின் அடியில் படியும் கசடுக்கும் ஒரு பெயர்க் கதை உண்டு. ஆட்டிய எண்ணெயை வெயிலில் தெளிய வைத்தால் கீழே வழவழப்பான மண்டி தங்கும். அதில் பாஸ்பரஸ் கலந்த கொழுப்புகள் இருக்கின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் கோப்லே முட்டை மஞ்சட்கருவில் இந்தப் பொருளைக் கண்டு, மஞ்சட்கருவுக்கான கிரேக்கச் சொல்லான 'லெகிதோஸ்' என்பதிலிருந்து 1850-இல் 'லெசித்தின்' என்று பெயர் சூட்டினார். பெயர் முட்டையுடையதாக இருந்தாலும், இன்று உலகத்துக்கு வேண்டிய லெசித்தின் பெரும்பாலும் சோயா எண்ணெயின் கசடிலிருந்து வருகிறது. நீரையும் எண்ணெயையும் பிரியாமல் சேர்த்து வைப்பது அதன் வேலை. பிஸ்கட், சாக்லேட் உறைகளின் பின்புறம் சிறு எழுத்தில் 322 என்ற எண் இருந்தால் அது இதுதான். எண்ணெயை மணமகற்றும்போது ஆவியாகி ஒதுங்கும் கழிவிலிருந்து டோக்கோபெரால், அதாவது வைட்டமின் ஈ, எடுக்கிறார்கள். கரு தங்கிப் பிள்ளைப்பேறு நடக்க எலிகளுக்கு அது தேவைப்பட்டதால், பேறு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லில் வைத்த பெயர் அது. செக்கடியில் கசடு, மண்டி, சக்கை என்று ஒதுக்கியவை, கிரேக்கப் பேர்களோடும் எண்களோடும் நம் அலமாரிக்குத் திரும்பி வருகின்றன. நம் சொற்களில் எதுவும் அவற்றோடு வரவில்லை.

சட்டமும் இந்த வேற்றுமையைக் காக்கிறது. இந்திய உணவுத் தர விதிகளில் மனிதருக்கான எள்ளுச் சரக்கு 'எள் மாவு' என்றே பெயர் பெறுகிறது, மாட்டுக்கானது பிண்ணாக்கு. மாவு என்ற பெயர் பெற, எள்ளின் தோல் நீங்கியிருக்க வேண்டும், ஆக்சாலிக் அமிலம் வரம்புக்குள் இருக்க வேண்டும், கரைப்பானின் மிச்சம் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைகள். எள்ளின் கசப்பும் ஆக்சலேட்டும் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. நாம் கருப்பு எள்ளைத் தோலோடு ஆட்டுகிறோம். எண்ணெய்க்கு அது கெடுதல் இல்லை, பிண்ணாக்குக்குக் கெடுதல். மரச்செக்கு எண்ணெய் மறுபடி மவுசுக்கு வந்திருக்கும் இந்நாளில், காஞ்சியிலும் சுற்றுப்பட்டிலும் செக்கு ஓடுகிற இடங்களில் தினமும் எண்ணெயைவிட அதிக எடையில் பிண்ணாக்கு இறங்குகிறது. நூறு கிலோ எள்ளுக்கு எண்ணெய் ஏறத்தாழ நாற்பது கிலோ, மற்றதெல்லாம் அதுதான். கருப்பட்டியும் நீரும் சேர்ந்த அந்தக் கட்டி சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஆட்டிய அன்றே உடைத்து உலர்த்தினால் உணவு; சாக்கில் கட்டி மூலையில் போட்டால் தீவனம்கூட இல்லை. புரதமும் லிக்னானும் பிரிக்கும் ஆலை நமக்கு வருவதற்கு முன், இந்த ஒரு நாள் வேலையைச் செக்கடி செய்ய வேண்டும். அதைச் செய்கிறவர், விதை வாங்கும்போதே எண்ணெயை மட்டும் நினைக்காமல் பிண்ணாக்கையும் நினைத்து வாங்கியிருப்பார்.

பெயரை ஒளிக்காமலே இதைச் செய்ய முடியும் என்பதற்கு அண்டை மாநிலமே சாட்சி. ஆந்திரத்தில் எள்ளுப் பிண்ணாக்குக்குத் 'தெலகபிண்டி' என்று பெயர்; பிழிதலின் வேர் அதில் அப்படியே நிற்கிறது. கடையில் சமையலுக்கு என்று கேட்டு வாங்குகிறார்கள். முருங்கைக்கீரையோடு வேகவைத்து, மிளகாய் பூண்டு தாளித்துச் சோற்றில் பிசைகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைக் கொடுப்பது அங்கே வழக்கம். காஞ்சி நெசவாளரில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. இந்தச் சொல்லைக் கேட்டால் அவர்களுக்கு முகம் சுளிக்காது. தோல் நீக்கி ஆட்டி, அன்றே உலர்த்தி, பூஞ்சை நச்சு இல்லை என்று சோதித்த சரக்கின் பையில் 'எள்ளுப் பிண்ணாக்கு, சமையலுக்கு' என்று தமிழில் அச்சிட்டு விற்க ஒரு செக்குக்காரர் முன்வந்தால், முதல் பை என் வீட்டுக்கு. கடைக்காரர் அதைப் புண்ணாக்கு என்றே சொல்லிக் கொடுக்கட்டும்.